டிஸ்க் சாண்டரில் உப்புத்தாள் நழுவினால், குமிழ் விழுந்தால், உரிய மறுத்தால்

மோட்டாரில் சுழலும் தட்டில் உப்புத்தாளை ஒட்டி மரத்தைத் தேய்க்கும் இயந்திரம்தான் டிஸ்க் சாண்டர். அதில் தாள் தகராறு செய்தால் எல்லோரும் முதலில் தாளைத்தான் குறை சொல்கிறோம். பசை மட்டமானது என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்து ஒட்டுகிறோம். அதுவும் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் எழும்புகிறது. அந்த ‘அதே இடத்தில்’ என்பதைக் கவனியுங்கள். தாள் மாறிவிட்டது, இடம் மாறவில்லை. அப்படியானால் கோளாறு தாளுக்கு அடியில் இருக்கும் தட்டில்தான் இருக்கிறது. நான் மாற்றிய தாள்களில் தாளே குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு. தட்டைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டியதே பெரும்பாலும் காரணம்.

இந்தத் தாள்களின் முதுகில் இருப்பது காய்ந்து இறுகும் பசை அன்று. கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும் பசை. காப்புத் தாளை உரித்துத் தட்டில் வைத்து அழுத்தும்போது, உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் அது பரவிப் பிடித்துக்கொள்கிறது. தூசி இருந்தால் பற்றாது. அழுத்தம் குறைந்தால் அரைகுறையாகப் பற்றும். சூடேறினால் இளகும், குளிர்ந்தால் விறைக்கும். வேலையின் நடுவில் தாளை நழுவ வைக்கும் அதே சூடுதான், தாளை மாற்றும்போது நமக்கு உதவிக்கு வருகிறது.

எதைத் தொடும் முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு தாளை இழுக்கும்போது முழங்கை சுவிட்சில் பட ஒரு நொடி போதும். தட்டுக்கு முன்னால் இருக்கும் மேசையைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்த்துவிடுங்கள். மேசைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கையை நுழைத்து ஒட்ட முயன்றால் தாள் கோணாமல் வராது.

ஒட்டிய உடனேயே ஓரம் எழும்புகிறது

முதலில் ஒரு சின்னச் சோதனை. தாளின் முதுகில் ஓரமாகக் காப்புத் தாளைச் சிறிது விலக்கி, அந்த முனையைச் சுத்தமான கண்ணாடியில் அழுத்தி ஒட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நன்றாகப் பிடித்துக்கொண்டு, தட்டில் மட்டும் பிடிக்காவிட்டால் தட்டுதான் அழுக்கு. கண்ணாடியிலும் பிடிக்காவிட்டால் தாளின் பசை செத்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் கிடந்த தாள்களுக்கு இந்தக் கதி நேரும். விரலால் தொட்டால் பசை ஒட்டாமல் வழவழவென்று இருக்கும், அல்லது காப்புத் தாளோடு சேர்ந்து பிய்ந்து வரும். அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். வேறு பசை தடவி ஒரு தட்டையான பலகையில் ஒட்டி, கையால் தேய்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சுழலும் தட்டில் மட்டும் அதை ஏற்றக் கூடாது.

தட்டு அழுக்கு என்றால் என்ன அழுக்கு என்று பார்க்க வேண்டும். மரத்தூள் என்றால் உலர்ந்த துணி போதும். பழைய பசை என்றால் அதற்கான வேலை கீழே வருகிறது. பலரை ஏமாற்றுவது மூன்றாவது வகை: கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். பழைய பசையை அகற்ற மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ துருநீக்கும் ஸ்பிரேயோ பயன்படுத்தியிருப்பீர்கள். பசை போய்த் தட்டு பளபளவென்று இருக்கும். ஆனால் அவை விட்டுச்செல்லும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. நானே ஒருமுறை மண்ணெண்ணெயில் தட்டைத் துடைத்துவிட்டு, அதைவிடச் சுத்தமான தட்டை யாரும் பார்த்திருக்க முடியாது என்ற நம்பிக்கையோடு புதுத் தாளை ஒட்டினேன். மோட்டாரைப் போட்டு முதல் மரத்துண்டை வைத்ததுமே தாள் முழுதாகக் கழன்று மேசையில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து கடைசித் துடைப்பு எப்போதும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில்தான். அது எண்ணெயை எடுத்துவிட்டு, தானும் மிச்சமின்றி ஆவியாகிவிடும். வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை துடையுங்கள். அதன் பிறகு தட்டின் முகத்தைக் கையால் தொடாதீர்கள், கையிலும் எண்ணெய் இருக்கிறது.

தட்டுக்குப் பக்கத்தில் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மேசையின் சறுக்குப் பள்ளத்துக்கு அடித்தது காற்றில் பறந்து தட்டில் படியும். படிந்தால் லேசில் போகாது.

குளிரும் ஒரு காரணம். தட்டு 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் பசை விறைத்துப்போய்ப் பரவாது. ஹேர் டிரையரால் தட்டையும் தாளின் முதுகையும் வெதுவெதுப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஒரு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உடல் பாரத்தைக் கொடுத்து உருட்டுங்கள். ரோலர் இல்லாவிட்டால் வழவழப்பான உருளைக் கட்டை ஒன்று போதும். உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பது அழுத்தம் ஆகாது. முடிந்தால் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பசை அந்த நேரத்தில் இன்னும் நன்றாகப் பரவிப் பிடிக்கும்.

வேலையின் நடுவில் தாள் நழுவிச் சுருங்குகிறது

காலையில் ஒட்டிய தாள் மதியம்வரை நன்றாக இருந்து, திடீரென்று துணி மடிந்ததைப் போல ஒரு பக்கம் சுருங்கினால், அழுக்கைத் தேட வேண்டாம். அது சூட்டின் வேலை.

300 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றினால் அதன் ஓரம் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நடு மையமோ கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. ஆகவே உரசலும் சூடும் ஓரத்தில்தான் குவிகின்றன. தாள் கூர்மையாக இருக்கும்வரை அது மரத்தை வெட்டுகிறது. வெட்டிய தூள் சூட்டில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. மழுங்கிய தாள் வெட்டுவதில்லை, வெறுமனே தேய்க்கிறது. தேயாததைக் கண்டு நாம் இன்னும் பலமாக அழுத்துகிறோம். அழுத்த அழுத்தச் சூடு, சூடேற ஏறப் பசை இளக்கம், கடைசியில் தாள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டு மடிகிறது. மரத்தில் கருகிய கோடு தெரிந்ததா, தீய்ந்த வாசனை வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தாள் நழுவுவதற்கு வெகு நேரம் முன்பே அந்த எச்சரிக்கை வந்திருக்கும்.

தாள் உண்மையில் மழுங்கிவிட்டதா, அல்லது அடைத்துக்கொண்டதா என்று பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பிசின் உள்ள மரம், பழைய பெயின்ட், காய்ந்த மரப்பசை ஆகியவற்றைத் தேய்த்தால் தாளின் மணிகளுக்கு (மரத்தைத் தேய்க்கும் சொரசொரப்பான துகள்களுக்கு) இடையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பட்டை படியும். சாண்டர் தாள்களைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் இயற்கை ரப்பர் கட்டையை, சுழலும் தாளின் மேல் லேசாக வைத்து எடுத்தால் பட்டை உதிர்ந்து புதுத் தாளைப் போல ஆகிவிடும். ரப்பர் வைத்த பிறகும் மரம் வழுக்கினால்தான் தாளின் ஆயுள் முடிந்தது.

மழுங்காத தாளும் நழுவினால் தாளின் மணி எண்ணைப் பாருங்கள்; எண் கூடக் கூட மணி பொடியாகும். டிஸ்க் சாண்டரில் 80 அல்லது 120 எண் தாள் பெரும்பாலான வேலைக்குப் போதும். 220 போன்ற நுண்மணித் தாள் சீக்கிரம் அடைத்து, சீக்கிரம் சூடாகிறது. அந்த அளவு நயத்தைக் கையால் தேய்த்து வரவழைப்பதே நல்லது. மரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். தட்டு கீழ்நோக்கி இறங்கும் பாதியில் மட்டும் தேயுங்கள். மேலேறும் பாதியில் மரத்தை வைத்தால் அது மேசையை விட்டுத் தூக்கப்படும், மரத்தின் முனை தாளின் ஓரத்தையும் குத்திக் கிளப்பும். ஓரம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டதைப் போலக் கிழிந்திருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

நழுவிச் சுருங்கிய தாளை மறுபடி நீவி ஒட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். மடிந்த இடத்தில் மணிகள் உடைந்திருக்கும், பசையில் தூள் ஏறியிருக்கும். அடுத்த முறை அது கழலும்போது முழுத் தட்டும் வேகத்தில் இருக்கும்.

நடுவில் குமிழ் விழுகிறது, தாள் கோணிப்போகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காப்புத் தாள் முழுவதையும் உரித்துவிட்டு, பெரிய வட்டத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்த் தட்டில் அப்புவது. எந்த இடம் முதலில் தொட்டதோ அது பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் காற்று சிறைப்படும்.

இப்படிச் செய்து பாருங்கள். காப்புத் தாளை மேல் ஓரத்திலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் உரித்து, உரித்த பகுதியைப் பின்னால் மடித்து நகத்தால் நன்றாகக் கீறி மடிப்பை நிலைக்க வையுங்கள். இப்போது தாளின் மேல் பகுதியில் பிறை வடிவத்தில் பசை திறந்திருக்கிறது. மீதி முழுவதும் இன்னும் காப்புத் தாளுக்குள். அப்படியே தட்டில் வைத்து, கீழ் ஓரமும் பக்கவாட்டு ஓரங்களும் தட்டின் விளிம்போடு பொருந்துகின்றனவா என்று நிதானமாகப் பாருங்கள். காப்பு இருப்பதால் தாள் தாராளமாக நகரும், அவசரமே இல்லை. பொருந்தியதும் மேலே உள்ள பிறையை மட்டும் கட்டைவிரலால் அழுத்துங்கள். இனித் தாள் எங்கும் போகாது. ஒரு கையால் மடிப்பைப் பிடித்துக் காப்புத் தாளைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டே, மறு கையால் ரோலரைப் பின்தொடர வையுங்கள். காப்புத் தாள் இரண்டு விரற்கடை இறங்கினால் ரோலரும் இரண்டு விரற்கடை இறங்க வேண்டும். காற்று முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் எதுவும் சிக்காது. 

இவ்வளவுக்குப் பிறகும் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ் மிஞ்சினால் கூரான கத்தி முனையால் ஒரு குத்துக் குத்தி, காற்றை வெளியே தள்ளி அழுத்திவிடலாம். அதைவிடப் பெரிய குமிழைக் குத்திச் சரிசெய்ய முடியாது. மரம் படும்போதெல்லாம் அந்த இடம் அடி வாங்கிக் கிழியும். சூடு காட்டி, குமிழ் இருக்கும் பக்கத்தை மட்டும் உரித்து, மறுபடி உருட்டி ஒட்டுங்கள். ஒட்டிய சில நிமிடங்களுக்குள் என்றால் பசை இன்னும் ஒத்துழைக்கும்.

தாள் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தட்டின் பின்பக்கத்திலிருந்து விளிம்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி வெட்டிவிடுங்கள். மணி இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டினால் கத்தியின் முனை ஒரே இழுப்பில் மழுங்கிவிடும்.

சுற்றுக்கு ஒருமுறை ‘டக் டக்’ என்று இடிக்கிறது

மரத்தைப் பிடித்திருக்கும் கையில் சீரான அதிர்வு தெரிந்தால், தாளுக்கு அடியில் ஏதோ மேடு இருக்கிறது. பெரும்பாலும் அது பழைய பசையின் உருண்டை. சில நேரம் உடைந்த மணி ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு துண்டுத் துணியைத் தாளின் மேல் போட்டு அதன்மீது விரல்களைத் தவழ விடுங்கள். வெறும் விரலுக்கு மணிகளின் சொரசொரப்புத்தான் தெரியும். துணி அதை மறைத்து மேட்டை மட்டும் உணர்த்தும். அந்த இடத்தில் பென்சிலால் அடையாளம் வைத்து, தாளை எடுத்த பிறகு தட்டில் அதே இடத்தைத் தேடுங்கள்.

மேடு எதுவும் இல்லாமலே இடித்தால் நேரான உலோக அளவுகோலை வெறும் தட்டின் குறுக்கே வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். தட்டே வளைந்திருந்தால் தாளை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. தட்டைத்தான் மாற்ற வேண்டும், அல்லது கடைசலுக்குக் கொடுக்க வேண்டும்.

பழைய தாள் உரியவே மறுக்கிறது

இங்கேதான் பலரும் பொறுமை இழந்து உளியை எடுக்கிறார்கள். அலுமினியத் தட்டில் உளி ஒருமுறை வழுக்கினால் போதும், அந்தக் கீறலின் இரண்டு கரையிலும் எழும் பிசிறு ஒவ்வொரு புதுத் தாளுக்கு அடியிலும் மேடாக நிற்கும். இரும்புக் கம்பிப் பிரஷும் வேண்டாம்.

சூடுதான் சாவி. தாளில் இன்னும் சிறிது உயிர் இருந்தால், உதவாத மரத்துண்டு ஒன்றை ஒரு நிமிடம் அதில் தேய்த்து, உரசலிலேயே சூடேற்றிவிடலாம். பிறகு மோட்டாரை அணைத்து, தட்டு தானாக நிற்கும்வரை காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கி, உடனே உரியுங்கள். கனமான தட்டு நிற்கச் சற்று நேரம் எடுக்கும். மரத்தை அழுத்தி நிறுத்தும் குறுக்கு வழி ஆபத்தானது.

அதற்கும் மசியாவிட்டால் ஹேர் டிரையர். ஓரத்திலிருந்து மையம்வரை வட்டமாக அசைத்துக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். வார்ப்பிரும்புத் தட்டு சூட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும், அதற்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. தட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் கையை வெடுக்கென்று இழுக்கும் அளவுக்குச் சுடக் கூடாது. ஹீட் கன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மிகக் குறைந்த நிலையில் வைத்து, அதற்கு முன்னால் தட்டைச் சுற்றியும் கூட்டுக்குள்ளும் தேங்கிய மரத்தூளை முழுவதும் எடுத்துவிடுங்கள். குவிந்த தூள் வெளியே தெரியாமல் புகைந்துகொண்டிருக்கக் கூடியது.

சூடேறியதும் ஓரத்தில் பட்டி பூசும் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, இரண்டு விரலால் பிடிக்கும் அளவுக்குத் தாளைக் கிளப்புங்கள். பிறகு தகட்டைக் கீழே வைத்துவிடுங்கள். கிளம்பிய முனையை அதன் மேலேயே திருப்பி மடித்து, தட்டோடு ஒட்டினாற்போல மெல்ல இழுங்கள். உங்களை நோக்கி வெடுக்கென்று இழுத்தால் தாள் வரும், பசை தட்டிலேயே தங்கிவிடும். மடித்து மெல்ல இழுத்தால் பசையும் நூல் நூலாக நீண்டு தாளோடு வரும். இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு ஒரு சாண் என்றால்கூடக் குறைவில்லை. இழுவை இறுகுவது கையில் தெரிந்தவுடன் நிறுத்தி, மறுபடி சூடு காட்டுங்கள்.

தாள் இரண்டாகப் பிளந்து, மணிப் பக்கம் மட்டும் கையோடு வந்து, பஞ்சைப் போன்ற காகிதம் தட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் பதற வேண்டாம். ஒரு வகையில் வேலை எளிதாகிவிட்டது. மணிகள் போனதால் கரைப்பான் இப்போது காகிதத்தின் வழியே பசைவரை இறங்கும். தட்டு முழுவதும் ஆறிய பிறகு, டர்பன்டைனில் நனைத்த துணியை அதன்மீது விரித்து, மேலே பாலிதீன் தாளால் மூடிக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு தகட்டால் தள்ளினால் காகிதமும் பசையும் சேர்ந்து கூழாக வழிந்து வரும்.

சூட்டையும் கரைப்பானையும் ஒரே நேரத்தில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. முதலில் சூடு, தட்டு ஆறிய பின் கரைப்பான், அது முழுவதும் ஆவியான பின் மோட்டார். டர்பன்டைன், தின்னர், அசிட்டோன், ஆல்கஹால் எல்லாமே தீப்பற்றுபவை; மோட்டாருக்குள் பொறி பறக்கும் சாண்டர்களும் உண்டு. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், ஈரத் துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காய விடுங்கள்.

தாள் போய்விட்டது, பசை போகவில்லை

மெல்லிய பசைப் படலத்துக்கு முதலில் கட்டைவிரலையே முயன்று பாருங்கள். ஓரத்தில் அழுத்தி உருட்டினால் பசை சுருண்டு, சிறு புழுவைப் போலத் திரண்டு வரும். அந்தச் சுருளையே அடுத்த பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அது பெருத்துக்கொண்டே போய், கரைப்பான் இல்லாமலே தட்டில் பாதி சுத்தமாகிவிடும். தாளைச் சுத்தம் செய்யும் அதே ரப்பர் கட்டையும் இதற்கு உதவும். மிச்சத்துக்கு டர்பன்டைன், கடைசியாக ஆல்கஹால்.

சில சிறிய சாண்டர்களின் தட்டு பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ இருக்கும். அவற்றில் அசிட்டோனும் தின்னரும் படக் கூடாது; தட்டையே கரைத்துவிடும். ஆல்கஹாலைக்கூடத் தட்டின் பின்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பசையில்லாத தாளை ஸ்பிரே பசையால் ஒட்டுபவர்கள்

தட்டில் அடிக்காதீர்கள், தாளின் முதுகில் மட்டும் அடியுங்கள். இரண்டு பக்கமும் அடித்தால் பிடிப்பு பலமாகும், ஆனால் உரிக்கும்போது ஒரு பொழுது முழுவதும் போய்விடும். அடித்தவுடன் ஒட்டுவதும் தவறு. ஈரம் அடங்கி, விரலால் தொட்டால் ஒட்டி, ஆனால் விரலில் பசை வராத நிலைவரை காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் தாளுக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, தாள் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

புதுத் தாளே சுருண்டு கிடக்கிறது

காகித முதுகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மணிகளைப் பிடித்திருக்கும் பிசின் பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால் தாள் வளைகிறது. வளைந்த தாளை ஒட்டினால் அதன் ஓரம் எந்நேரமும் எழும்பப் பார்க்கும். தட்டையான பலகைக்கு அடியில், மேலே பாரம் வைத்து இரண்டு நாள் விட்டுவிட்டு ஒட்டுங்கள். மீதித் தாள்களையும் அப்படியே படுக்க வைத்து, வாய் மூடிய பையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

புதுத் தாளை ஒட்டி முடித்ததும் உடனே மரத்தை வைக்காதீர்கள். தட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மேசையிலும் கூட்டிலும் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். பிறகு பிளக்கைச் செருகி, கண்ணாடி அணிந்து, தட்டுக்கு நேர் எதிரிலோ அது சுழலும் திசையிலோ நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று மோட்டாரைப் போட்டு, ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். ஓசை சீராக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். படபடவென்று காகிதம் அடிக்கும் ஓசை கேட்டால் உடனே அணையுங்கள். எங்கோ ஒரு ஓரம் இன்னும் பிடிக்கவில்லை.